வாந்தி எடுக்காதவர்களின் பட்டியல்

என்ன படித்திருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். புள்ளியியல் என்று சொன்னால், "மக்கள்தொகைக் கணக்கெடுப்பா?" என்பார்கள். அதில் எந்தப் பிரிவு என்று கேட்கிறவர்கள் இன்னும் மோசம். "விடுபட்ட தரவுகள்" என்றதும், தொலைந்துபோன பட்டாவைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை. நானே என் படிப்பை என் அம்மாவுக்கு இன்னும் விளக்கி முடிக்கவில்லை.

இங்கேயாவது ஒரு முறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பில் பரீட்சை நடக்கிறது. இரண்டு பேர் வரவில்லை. ஒருத்தி வந்த பஸ் பஞ்சர். இன்னொருத்தி ஒரு எழுத்துகூடப் படிக்கவில்லை, அதனால் காலையிலேயே அவளுக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. மதிப்பெண் பட்டியலில் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி காலி இடம்தான். முதல் காலி இடத்தில் வகுப்பின் சராசரியைப் போட்டு நிரப்பினால் பெரிய பாவம் ஒன்றுமில்லை. இரண்டாவதில் போட்டால் அது பச்சைப் பொய். ஏனென்றால் வாங்கியிருக்க வேண்டிய அந்த மோசமான மதிப்பெண்தான் அவளை வரவிடாமல் செய்தது. மறைந்திருக்கும் எண்ணே அது மறைந்திருப்பதற்குக் காரணம். இந்த இரண்டாவது வகைக் காலி இடத்தைப் பற்றி ஐந்து வருடம் படித்து, தடிமனாக ஒரு ஆய்வேடு எழுதி, அதற்கு ஒரு பட்டமும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆகவே நான் கொல்லிமலையில் செய்த காரியத்துக்கு மன்னிப்பே கிடையாது.

மலைக்கு நான் போனது வேறு வேலையாக. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வந்துகொண்டிருந்தவர்கள் திடீரென்று ஏன் வராமல் போகிறார்கள் என்று பார்க்கிற ஒரு ஆய்வு. அதற்காக இரண்டு வருடம், சோளக்காட்டிலிருந்து வளப்பூர் நாட்டுப் பக்கம் (அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) போகிற ரோட்டில் ஒரு வீட்டின் முன் அறையில் வாடகைக்கு இருந்தேன். ஹவுஸ் ஓனரை அண்ணா என்றும் அவர் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டேன். முறைப்படி பார்த்தால் விபரீதம்தான். வாடகைக்கு இருக்கிறவர்களிடம் யாரும் முறை பார்ப்பதில்லை. அவர்கள் இருவருக்கும் நான் டீச்சர். பாடம் எதுவும் நடத்தவில்லை என்று எத்தனை முறை சொன்னாலும், கையில் பேனாவும் தாளும் வைத்திருக்கிற பொம்பளை அந்த மலையில் டீச்சர்தான்.

அண்ணனுக்கு மிளகுத் தோட்டம் உண்டு. மிளகுக் கொடி, வாழ்ந்தால் உன்னோடுதான் என்று சில்வர் ஓக் மரங்களைச் சுற்றிக்கொண்டு உச்சிவரைக்கும் போயிருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, இரண்டு மாடி உயரத்துக்கு அவர் சர்வ சாதாரணமாக ஏறுவார். முறுக்கிய மீசை. எதற்கும் பயப்படாத ஆள் என்று பெயர். ஒரு தடவை தோட்டத்துக்குள் கரடி வந்தபோது அதை "போடா" என்று சொன்னாராம். கரடியும் போய்விட்டதாம். கரடியிடம் விசாரித்துச் சரிபார்க்க எனக்கு வசதிப்படவில்லை.

அப்படிப்பட்டவர் மூன்று வருடமாக மலையை விட்டுக் கீழே இறங்கவில்லை. அவருடைய ஒரே மகள், தானே விரும்பிய பையனைக் கல்யாணம் செய்துகொண்டு அடிவாரத்தைத் தாண்டி ஒரு ஊரில் இருந்தாள். கல்யாணம் மலைக் கோயிலிலேயே நடந்தது. அண்ணன் நின்று நடத்திக்கொடுத்தார். ஆனால் மறுவீட்டுக்குப் போகிற அன்று பாதி வழியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி நடந்து வந்துவிட்டார். "அவங்க ஊட்டுப் பக்கம் போக மனசு வரலே" என்று ஒரே வார்த்தை. அன்றைக்கு மூடின வாய். மகள் போன் பண்ணினால் அக்காதான் பேசுவார். மணி அடித்ததும் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். மகளும் மலைக்கு வரவில்லை. "எங்கப்பனுக்கு நான் வேண்டாம்னா நான் எதுக்கு அங்க வரோணும்?" என்று அவளுக்கும் வீம்பு.

இப்போது அவள் குழந்தைக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவது வழக்கம். அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது, அதனால் அப்புச்சி மடிதான். அம்மாவைப் பெற்ற அப்பன்தான் அப்புச்சி. நாள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மகள் அக்காவிடம் போனில் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "மாசி மாசக் கடைசி முகூர்த்தத்துக்கு அப்பா வந்தாச் சரி. இல்லீன்னா எங்க மாமனார் மடியில வெச்சுக் குத்திருவேன். அதோட எனக்குப் பொறந்த ஊடே இல்லைன்னு வெச்சுக்கறேன்." போனை வைத்த அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். எனக்குத் தாங்கவில்லை. நானும் அழுதேன், பிறகு கோபம் வந்தது, பிறகு மரவள்ளிக் கிழங்கு வெந்திருந்தது, இருவரும் சாப்பிட்டோம்.

"நீங்க படிச்சவங்க. அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிப் பாருங்க, சாமி" என்றார் அக்கா.

சொன்னேன். அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு, "அது கவுரவப் பிரச்சினைங்க டீச்சர். உங்களுக்குத் தெரியாது, உடுங்க" என்றார். விட்டுவிட்டேன். ஒருவர் வராததற்கு அவரே ஒரு காரணம் சொன்னால், சரி என்று அதை எழுதிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று என் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம்.

இதே சமயத்தில்தான் வாந்தி விவகாரம் ஆரம்பித்தது. அடிவாரத்திலிருந்து சோளக்காட்டுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ரோட்டோரம் கீழிருந்து மேலாக எண் எழுதியிருக்கும், நமக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று தெரிந்து நோவதற்காக. மலை ஏறி வருகிறவர்களில் பலர் சோளக்காட்டில் இறங்கியதும் நேராகப் பழக்கடைகளுக்கு வந்து, பெஞ்சில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பழம் வாங்குவதில்லை. எலுமிச்சம்பழத்தை எடுத்து அரை மணி நேரம் மோந்து பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். கடைக்காரப் பெண்களுக்கு ஆத்திரம். பாதி மலையில், முப்பத்தைந்தாவது வளைவுக்குப் பக்கத்தில், பஸ் பத்து நிமிடம் நிற்க வேண்டும், அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கி, கீழே பஸ் கிளை மேலாளரிடம் கொடுத்தார்கள். அவர், "எத்தனை பேரு வாந்தி எடுக்கறாங்க? எண்ணிக்கை இருக்குதா?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

எண்ணிக்கை என்ற சொல் காதில் விழுந்ததும் நான் முந்திரிக்கொட்டை போல முன்னால் போய் நின்றேன். "நான் எடுத்துத் தர்றேன்" என்றேன். கடைக்காரப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கொய்யாப்பழம்கூட இலவசமாகக் கிடைத்தது.

மூன்றே கேள்விகள். எங்கே ஏறினீர்கள்? எந்த வரிசையில் உட்கார்ந்தீர்கள்? வரும் வழியில் வாந்தி எடுத்தீர்களா? பத்து நாள் சோளக்காட்டு நிறுத்தத்தில், பஸ்ஸின் முன் படிக்கட்டுக்குக் கீழே, அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு நின்றேன். முதல் இரண்டு கேள்விக்கு ஜனங்கள் சந்தோஷமாகப் பதில் சொன்னார்கள். கேட்காத கேள்விக்கும் சொன்னார்கள். மூன்றாவது கேள்வி வந்ததும் ஆளுக்கு ஒரு அவசர வேலை வந்துவிடும். புடவை முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே ஒருத்தர், "வாந்தியா? எனக்கா? அட போங்க" என்றார். சட்டை முழுக்க நனைந்திருந்த ஒருவர், ஜன்னல் வழியாக மழை அடித்தது என்றார். அன்றைக்கு வெயில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை நான் பத்து நாள் நேரில் பார்த்தேன். நிஜமாகவே முடியாமல் போனவர்களோ பின் படிக்கட்டு வழியாக இறங்கிக் கடைகளுக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய முதுகைத்தான் என்னால் எழுத முடிந்தது.

முடிவில் பாதிக்கு மேற்பட்ட தாள்களில் மூன்றாவது கேள்வி காலி. பதில் சொன்னவர்களில் ஆமாம் என்றவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மேலாளர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. காலி இடங்களைப் பதில் சொன்னவர்களின் சராசரியால் நிரப்பினேன். ஆம், அதைத்தான் செய்தேன். வயிற்றுவலிக்காரிக்கு வகுப்புச் சராசரியைப் போட்டுக் கொடுத்தேன்.

மேலாளர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"நல்ல சேதிதானுங்க மேடம். மலையில ஒருத்தருக்கும் வாந்தியே வர்றதில்ல போலிருக்கே" என்றார்.

எனக்கு அசடு வழிந்தது. திரும்பும்போது அதே எழுபது வளைவு. அன்றைக்கு என் நிலைமை என்ன என்பதை இங்கே எழுத மாட்டேன்.

சோளக்காட்டில் சங்கதி தெரிந்ததும் கொய்யாப்பழம் நின்றுவிட்டது. "ஏனுங் டீச்சர், உங்களை நம்பி மனுக் குடுத்தோமே, நீங்களே குழி பறிச்சுட்டு வந்திருக்கீங்க" என்றார் ஒரு கடைக்காரப் பெண். அவர் சொன்னது நியாயம். அந்தக் கோபத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஆள் பொய் சொன்னாலும் பஸ் பொய் சொல்லாது அல்லவா?

மறுநாளிலிருந்து நான் மனிதர்களைக் கேட்பதை விட்டுவிட்டு பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்தேன். பஸ் வந்து நின்றதும் ஒரு பக்கமாக நடந்து, பின்னால் சுற்றி, மறுபக்கமாக வந்து, ஜன்னல்களுக்குக் கீழே வழிந்திருக்கிற கோடுகளை எண்ணுவேன். இதை எங்கள் துறையில் மிகவும் மரியாதையான ஒரு பெயரில் அழைப்பார்கள். வராத பதிலோடு சம்பந்தப்பட்ட, ஆனால் ஒளித்து வைக்க முடியாத இன்னொரு சான்று. கண்டக்டருக்கு அந்தப் பெயர் தெரியாது. "டீச்சருக்கு முத்திப்போச்சு" என்று டிரைவரிடம் சொன்னார். பிறகு அவருக்கே சுவாரசியம் பிடித்துவிட்டது. "இது ஒண்ணுங்க. அது ரெண்டில்லீங்க, ஒருத்தருதான், வளைவுல காத்தடிச்சு மூணு ஜன்னலுக்குப் போயிருச்சு" என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். அந்த விளக்கம் இல்லாவிட்டால் என் எண்ணிக்கை தாறுமாறாகப் போயிருக்கும். ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம் உண்டு. அவரை முன்னமே தெரிந்திருந்தால் அதில் முதல் ஆளாகப் போட்டிருப்பேன்.

இரண்டு நாள் மலையில் மழை பெய்தது. பஸ் குளித்துவிட்டுப் பளபளவென்று வந்தது. கண்டக்டருக்கு என்னைவிட வருத்தம். "ரெண்டு நாளு வீணாப்போச்சுங்களே" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். மழை யாருடைய வாந்தி என்று பார்த்துக் கழுவுவதில்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி கழுவுகிறது. அது நல்ல காலி இடம், மற்ற நாட்களை வைத்து நிரப்பிக்கொள்ளலாம். மனிதர்கள் மறைப்பதுதான் கெட்ட காலி இடம், எடுத்தவர் மட்டும் மறைக்கிறார். கண்டக்டர் கொஞ்சம் யோசித்து, "அப்ப மழை நம்மாளுங்க" என்றார். ஐந்து வருடப் படிப்பை ஒரு ஆள் அரை நிமிடத்தில் புரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை.

கோடுகளின் எண்ணிக்கைக்கும் ஆமாம் என்றவர்களின் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்று மத்தியானம் அக்காவிடம் இதையெல்லாம் கை வீசி விவரித்துக்கொண்டிருந்தேன். அக்கா அசராமல் கேட்டார்: "எல்லாஞ் சரி. வாந்திக்குப் பயந்துக்கிட்டு பஸ்ஸே ஏறாதவங்க கோடு எங்கீங்க இருக்கும்?"

நான் கை வீசியபடியே நின்றுவிட்டேன். அக்கா பஸ்ஸில் வேகவைத்த நிலக்கடலையை உரித்துத் தின்றுகொண்டே எழுபது வளைவும் இறங்குகிற பிறவி. அவருக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. எல்லோரையும்விட மோசமாக வாந்தி எடுக்கிறவர்கள் எந்தத் தாளிலும் இல்லை, எந்த ஜன்னலுக்குக் கீழும் இல்லை. அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

இதற்கு எத்தனையோ கணக்கு முறைகள் இருக்கின்றன. ஆனால் எல்லா முறையிலும் பெரிய முறை ஒன்றுதான்: செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கேட்பது. வளப்பூர் நாட்டிலும் பெரக்கரை நாட்டிலும் வீடு வீடாகப் போனேன். வாந்தி என்ற சொல்லையே எடுக்கவில்லை. "கடைசியா எப்ப கீழ போனீங்க?" என்று மட்டும் கேட்டேன். காரணங்கள் அருமையாக வந்தன. கீழே வெயில் ஒத்துக்கொள்ளாது. கீழே தண்ணீர் உப்பு. மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதைச் சொன்னவர் வீட்டில் மாடே இல்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்து டீ குடித்தால், அப்புறம் மெல்ல உண்மை வரும். இதில் பாதிப் பேர் என் மாத்திரை ஆய்விலும் காணாமல் போனவர்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சிறப்பு மருத்துவர் கீழே இருக்கிறார். அவரைப் பார்க்க எழுபது வளைவு இறங்க வேண்டும்.

மூன்றாவது நாள் சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது ரோட்டிலேயே எனக்குப் பொறி தட்டியது. கடைசியா எப்ப கீழ போனீங்க? மூன்று வருடம். பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினார். கவுரவப் பிரச்சினை. ஊரெல்லாம் சுற்றினேன், நான் குடியிருக்கிற வீட்டைக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணன் மரத்து உச்சியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். நான் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டேன். அவரால் துண்டை உதறிக்கொண்டு போக முடியாது.

"அண்ணா, மறுவீட்டுக்குப் போறப்ப எத்தனாவது வளைவுல எறங்குனீங்க?"

மேலே இலை அசைவது நின்றது.

"எதுக்குங்க டீச்சர்?"

"சும்மா. கணக்குக்கு."

"அம்பத்தாறு" என்றார். மூன்று வருடத்துக்கு முந்தைய எண் அவர் வாயில் தயாராக இருந்தது. எனக்கு அதுவே போதும். ஆனாலும் நான் ஒன்று செய்ய வேண்டியிருந்தது, அதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கு நாப்பத்தெட்டுங்கண்ணா. ஏறுனாலும் எறங்குனாலும் நாப்பத்தெட்டு. கைப்பையில எப்பவும் ரெண்டு கேரி பேக் வெச்சிருக்கேன். பத்து நாளு ஊரையே கேட்டேன், எனக்கு ஒரு தாளு நான் எழுதல."

பிறகு மேலேயிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. ஏணி ஆடியது. மிளகு என் தலையில் கொட்டியது.

"அன்னைக்கு வெள்ள வேட்டி, வெள்ளச் சட்டைங்க டீச்சர்" என்றார், இறங்காமலே. "பின்னால ஆம்பளைங்களோட உக்காந்திருந்தேன். தொண்டைக்கு வந்திருச்சு. சம்பந்தி ஊட்டுல போய் எறங்கறப்ப சட்டை எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். எறங்கிட்டேன். பஸ்ஸு போன பொறகு செவுத்தப் புடிச்சுக்கிட்டு எடுத்தேன் பாருங்க, கொடலே வெளிய வந்திருச்சு. ரெண்டு கொரங்கு பாத்துச்சுங்க. வேற யாரும் பாக்கல."

"அப்ப கோவமில்லையா?"

"யாரு மேலீங்க? அந்தப் பையன் தங்கமான பையன். வாந்திக்குப் பயந்து வரலைன்னு சொல்றதா? கரடியப் போடான்னவன் நானு. கோவம்னு சொன்னா ஒரு மரியாத இருக்குது." ஒரு கொத்து மிளகைப் பறித்துப் பையில் போட்டார். "பேத்திய போன்லகூடப் பாக்கலீங்க. முகத்தப் பாத்தாப் போவாம இருக்க முடியாதுன்னு தோட்டத்துக்கு ஓடியாந்துருவேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று வருடமாக மூன்று பேர் அந்தக் காலி இடத்தில் கோபம் என்று எழுதி வைத்துக்கொண்டு வாடியிருக்கிறார்கள். அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினேன். முடியவே முடியாது என்றார். என்னிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். "மனுவுல கேட்ட அந்த முப்பத்தஞ்சாவது வளைவுல பஸ்ஸ நிக்க வெய்யுங்க, நான் போறேன்" என்பதுதான் அவர் கொடுத்த வாக்கு. மாசிக் கடைசி முகூர்த்தத்துக்குப் பதினோரு நாள் இருந்தது.

இந்தத் தடவை கணக்கை ஒழுங்காகப் போட்டேன். ஒரே ஒரு விடை என்று பீற்றிக்கொள்ளவில்லை. மறைத்தவர்களில் சிலர்தான் எடுத்திருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால் இவ்வளவு, பாதிப் பேர் என்றால் இவ்வளவு, ஏறாமல் வீட்டில் இருக்கிறவர்களையும் சேர்த்தால் இவ்வளவு என்று படிப்படியாக எழுதினேன். எது உண்மை என்று இந்தத் தாள்களால் மட்டும் யாராலும் சொல்ல முடியாது, ஆனால் எதை எடுத்துக்கொண்டாலும் பஸ் நிற்க வேண்டும் என்று கடைசி வரியில் எழுதினேன். மேலாளர் அதை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் உங்க அனுமானம் மேடம்" என்றார்.

என் கோபத்தை அடக்கிக்கொண்டு, பையிலிருந்து ஒரு புதுத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "நீங்களும் மலைக்கு வந்திருப்பீங்கல்ல சார். ஒரு தாள் எழுதிக் குடுங்க." அவர் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். எங்கே ஏறினீர்கள் என்பதை எழுதினார். எந்த வரிசை என்பதை எழுதினார், டிரைவருக்குப் பின்னால் என்று. மூன்றாவது கேள்வியில் பேனா நின்றது. காலியாக விட்டு மூடினார். நான் தாளைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு மனுவை இழுத்து, ஒரு மாதத்துக்குச் சோதனை முறையில் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் காலை பஸ்ஸில் நாங்கள் மூவரும் ஏறினோம். அண்ணன் கிளம்புகிறார் என்றதும் அக்கா பேச்சு மூச்சில்லாமல் பின்னாலேயே வந்தார், கேள்வி கேட்டால் மனசு மாறிவிடுமோ என்ற பயம். அண்ணன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அடியில் நியூஸ்பேப்பரை விரித்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார். பேப்பர் மேல் உட்கார்ந்தால் வாந்தி வராது என்று ஒரு நம்பிக்கை. நானும் ஒன்று விரித்திருந்தேன். கணக்குப்படி அதனால் ஒரு பயனும் இல்லை.

நாற்பத்தெட்டை நான் கேரி பேக்கைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே கடந்தேன். அண்ணன் ஐம்பத்தாறிலேயே கண்ணை மூடிவிட்டிருந்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. முப்பத்தைந்து வந்தது. பஸ் ஓரம் கட்டி நின்றது. கடைக்காரப் பெண்கள் காசு சேர்த்து வாங்கி வைத்த புதுத் தொட்டியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது.

"வாந்தி எடுக்கறவங்கல்லாம் எறங்குங்க! பத்து நிமிசம்!" என்று கண்டக்டர் கத்தினார்.

ஒருத்தர்கூட இறங்கவில்லை. பஸ் நிறைய ஜனம், பச்சையும் மஞ்சளுமாக முகங்கள், எல்லோரும் ஜன்னல் வழியாக இயற்கைக் காட்சியை ரசித்துக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் என்னைப் பார்த்தார். என் எண்ணிக்கையும் மானமும் சேர்ந்து கப்பலேறப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தேன். எல்லோர் கண்ணும் பார்க்க இறங்கிப் போய், தொட்டிக்கு அந்தப் பக்கம், என் படிப்புக்கும் வயதுக்கும் பொருந்தாத சத்தத்தோடு எடுத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் அண்ணன், ரோட்டோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். அவருக்குப் பின்னால் பஸ்ஸில் பாதி வரிசை கட்டி நின்றது. அக்கா ஜன்னலில் கடலையைக் கையில் வைத்தபடி, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்துக் கணக்கு அவர் முகத்தில் ஒவ்வொன்றாகச் சரியாவது எனக்குத் தெரிந்தது.

அப்போது அக்காவின் போன் அடித்தது. மகள். அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கி வந்து, போனை அப்படியே அண்ணன் கையில் திணித்தார். அண்ணனுக்குக் காதில் வைத்துப் பேசத் தெரியாது. ஸ்பீக்கரில்தான் பேசுவார். முகத்தைக் கழுவிக்கொண்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்தார். சுற்றிலும் எல்லோரும் வாயைக் கொப்பளிப்பதை நிறுத்தினார்கள்.

"கண்ணு, அப்பா பேசறேன். பாதி மலையில நிக்கறேன். வந்துட்டே இருக்கறேன்."

நனைந்த போனை வேட்டியில் துடைத்து இன்னும் கிட்டே பிடித்தார்.

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. என்னைக்கும் இருந்ததில்ல. எனக்கு பஸ்ஸுல வாந்தி. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் வரல. இப்பக்கூட எடுத்துட்டுத்தான் பேசறேன்."

ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. அழுகையில் கரகரத்திருந்தது.

"அப்பா... எனக்கும் அதேதாம்பா. ஹாஸ்டல்ல இருந்தப்ப ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லி லீவுக்கு வராம இருந்தேனே, எல்லாம் அதுக்குத்தான். கைப்புள்ளையோட அத்தன வளைவு எப்படி ஏறுவேன்னு இருந்துச்சு. நீங்க கோவமா இருக்கறதா எல்லாரும் சொன்னாங்க. அதையே சாக்கா வெச்சுக்கிட்டேம்பா."

அண்ணன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, தொட்டியைச் சுற்றி நின்ற முன்பின் தெரியாத அத்தனை பேரையும் பார்த்து, மீசையைத் துடைத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்:

"என்ர பொண்ணுக்கும் வாந்திதானாமுங்க!"